புயலிரவும் நகரும் முடிச்சும்

(மலையேற்றப் பயிற்சி பெறும் இளைஞர்களும் சாரண ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1922 மே 25 இரவு. எவரெஸ்ட் சிகரத்தின் வடக்குப் பக்கத்தில், 25,500 அடி உயரத்தில், ஒரு சிறிய கூடாரத்துக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஜார்ஜ் ஃபின்ச், ஜெஃப்ரி புரூஸ், கூர்க்கா வீரர் தேஜ்பீர் புரா. ஃபின்ச் ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியல் அறிஞர். பிற்காலத்தில், 1952 முதல் 1957 வரை, புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவரும் அவரேதான்.

அன்றிரவு காற்று ஏறிக்கொண்டே போனது. நள்ளிரவு தாண்டியதும் அது சூறைக்காற்றாகிவிட்டது. தரைவிரிப்புக்கு அடியில் காற்று புகுந்து, உள்ளே இருந்தவர்களோடு சேர்த்துக் கூடாரத்தையே கிளப்பப் பார்த்தது. மூவரும் தங்கள் உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அதைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். காற்று கொஞ்சம் ஓய்ந்த இடைவெளிகளில் ஆள்மாற்றி ஆளாக வெளியே போய், தளர்ந்த இழுகயிறுகளை இறுக்கினார்கள். மலையேறும் கயிற்றையும் கூடாரத்தின் மேல் போட்டுக் கட்டினார்கள். ஒருவரால் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் வெளியே நிற்க முடியவில்லை. குளிரும் காற்றும் அதற்குள் ஆளை ஓய வைத்துவிட்டன என்று ஃபின்ச் எழுதியிருக்கிறார். அந்தக் கூடாரம் நின்றது. 27ஆம் தேதி ஃபின்ச்சும் புரூஸும் ஏறத்தாழ 27,300 அடி வரை ஏறினார்கள். அதுவரை மலையேறியவர் எவரும் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை.

எவரெஸ்ட் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் உருளையைப் பற்றியும் எட்டிய உயரத்தைப் பற்றியுமே பேசுவார்கள். இன்றைய பேச்சு அந்த மூன்று நான்கு நிமிடங்களைப் பற்றியது. விறைத்த விரல்களோடு இருட்டில் வெளியே வந்த ஒருவர், அவ்வளவு நேரத்துக்குள் ஒரு கயிற்றை எப்படி இறுக்குவது? முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இழுத்து, திரும்பக் கட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அவிழ்க்காமலே நகர்த்தி இறுக்கக்கூடிய முடிச்சு வேண்டும். அப்படிப்பட்ட முடிச்சுகள் இருக்கின்றன. கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஆனாலும் கூடாரத்தோடு மலைக்குப் போகிறவர்களில் பலருக்கு அவை தெரியாது.

கயிறு ஏன் தளர்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

முதல் காரணம் காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை நேராக எதிர்கொள்ளும் ஒரு சதுர மீட்டர் துணியின் மேல் ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 72 கிலோமீட்டரில் அது 25 கிலோ. 108 கிலோமீட்டரில் 55 கிலோவைத் தாண்டும். இருவர் படுக்கும் கூடாரத்தின் ஒரு பக்கமே இரண்டு சதுர மீட்டருக்குக் குறையாது. இந்தப் பாரமெல்லாம் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத முளைகளுக்கும், சில மில்லிமீட்டர் கனமுள்ள கயிறுகளுக்கும்தான் போகிறது. பாரம் சீராக வருவதும் இல்லை. காற்று விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வோர் அடியிலும் முளை மண்ணில் இம்மியளவு அசையும். கயிறு கொஞ்சம் நீளும். முடிச்சுகள் கொஞ்சம் இறங்கி உட்காரும்.

இப்படிச் சேரும் தளர்ச்சிதான் ஆபத்து. விறைப்பாக இருக்கும் கயிறு காற்றின் பாரத்தை வந்தபடியே முளைக்குக் கடத்திவிடும். தொய்ந்த கயிறு அப்படிச் செய்யாது. நீளமான கயிற்றில் கட்டிய மாடு மிரண்டு ஓடி, கயிற்றின் எல்லைக்கு வந்ததும் வெடுக்கென்று முளையைப் பிடுங்குமே, கூடாரமும் அப்படித்தான் பிடுங்கும். துணி கொஞ்ச தூரம் வேகமெடுத்துப் போய்த் திடீரென்று நிற்கும்போது விழும் வெட்டு, காற்றின் நேரடி அழுத்தத்தைவிடப் பல மடங்கு கடுமையானது. தையல் விடுவதும், கம்பி வளைவதும், முளை பறப்பதும் பெரும்பாலும் இந்த வெட்டில்தான்.

இரண்டாவது காரணம் ஈரம். இங்கே கயிற்றின் இனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருத்தி, சணல், மணிலா போன்ற இயற்கை நார்க் கயிறுகள் நனைந்தால் நீளத்தில் சுருங்கும். நார் தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. பருத்த நாரைச் சுற்றி வர முறுக்குக்கு அதிக நீளம் வேண்டியிருப்பதால் கயிறு குறுகுகிறது. கித்தான் கூடாரங்களின் காலத்தில் இராணுவ முகாமிலும் சாரணர் முகாமிலும் மாலையில் ஒரு வழக்கம் இருந்தது. படுக்கப் போகும் முன், அல்லது மழை வரும்போல் இருந்தால், இழுகயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிடுவார்கள். தளர்த்தாவிட்டால் சுருங்கும் கயிறு முளையைப் பிடுங்கும் அல்லது துணியைக் கிழிக்கும்.

நைலான் இதற்கு நேர்மாறு. நனைந்தால் அது நீளும். இன்றைய மலைக் கூடாரங்களில் துணியும் நைலான், கயிறும் நைலான் என்றிருந்தால் இரண்டுமே தொய்யும். மாலை ஐந்து மணிக்கு மத்தளத் தோல்போல் விறைப்பாக நின்ற கூடாரம், பனி இறங்கிய இரவு எட்டு மணிக்கு வயிறு சரிந்து நிற்பதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பார்கள். பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் ஏற்காது. அதனால் அவ்வளவாகத் தொய்யாது. டைனீமா என்ற புதுவகைக் கயிறு நீளவும் நீளாது, தண்ணீரையும் குடிக்காது. ஆனால் வழுக்கும். வழுக்கும் கயிற்றில் முடிச்சு நிற்பது தனிப் பிரச்சினை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆக, இழுகயிற்றின் நீளம் ஓர் இரவுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கிறது. சில சமயம் இறுக்க வேண்டும், சில சமயம் தளர்த்த வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்ற எண்ணத்தோடு போடும் எந்த முடிச்சும் இந்த வேலைக்கு ஆகாது.

இதற்கென்றே உலகம் முழுவதும் புழங்கும் முடிச்சுக்கு டாட்லைன் ஹிட்ச் என்று பெயர். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் தொடக்க நிலையிலேயே பிள்ளைகள் கற்க வேண்டிய முடிச்சுகளில் இதுவும் ஒன்று. திமிங்கில வேட்டைக் கப்பலில் பயணம் செய்த ஓவியர் கிளிஃபர்ட் ஆஷ்லி, பதினோரு ஆண்டுகள் உழைத்து 1944இல் வெளியிட்ட முடிச்சுக் களஞ்சியத்தில் இதையும் இதன் உறவினங்களையும் படத்தோடு காணலாம். 1997 பிப்ரவரியில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் சென்று ஹப்பிள் தொலைநோக்கியில் பராமரிப்பு வேலை செய்த விண்வெளி வீரர்களும் இந்த முடிச்சைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கட்டும் முறையைச் சொல்கிறபோது, கையில் கயிறு வைத்திருப்பவர்கள் கூடவே செய்து பார்க்கலாம்.

கயிற்றின் ஒரு நுனி கூடாரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. மறு நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து கூடாரத்துப் பக்கமாகத் திருப்ப வேண்டும். இப்போது இரண்டு கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கூடாரத்திலிருந்து வருவது தாய்க்கயிறு. கையில் இருப்பது வால். முளையிலிருந்து ஒரு முழம் தள்ளி, வாலைத் தாய்க்கயிற்றின் மேலாகப் போட்டு, இரண்டு கயிறுகளும் முளையும் சேர்ந்த வளையத்துக்குள்ளே விட்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதே திசையில், முளையை நோக்கிய பக்கத்தில், இரண்டாவது சுற்று. இந்த இரண்டு சுற்றுகளும் வளையத்துக்குள்ளே, ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார வேண்டும். பிறகு வாலை வெளியே எடுத்து, அந்த இரண்டு சுற்றுகளையும் தாண்டிக் கூடாரத்துப் பக்கம் கொண்டுபோய், அதே திசையில் தாய்க்கயிற்றை மூன்றாவது முறை சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே நுனியை நுழைத்து இழுக்க வேண்டும். நுனி நாலு விரற்கடையாவது மிஞ்சி நிற்கட்டும். கடைசியாகச் சுற்றுகளை விரலால் நெருக்கி, முடிச்சை ஒழுங்காக இறுக்கிவிட வேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தால் அது டாட்லைன் முடிச்சு ஆகாது, பிடிக்கவும் செய்யாது.

இனி முடிச்சைக் கையால் பற்றிக் கூடாரத்துப் பக்கம் தள்ளினால் வளையம் பெரிதாகி இழுகயிறு இறுகும். முளைப் பக்கம் தள்ளினால் தளரும். கையை எடுத்ததும் முடிச்சு அந்த இடத்திலேயே பிடித்து நிற்கும். ஒரு கயிற்றுக்கு ஐந்து விநாடி.

பாரம் இருக்கும்போது பிடிப்பதும், பாரம் விட்டதும் நகர்வதும் எப்படி ஒரே முடிச்சால் முடிகிறது? கயிற்றில் இழுவை ஏறியதும் உள்சுற்றுகள் தாய்க்கயிற்றைச் சற்று மடக்கிக் கவ்வுகின்றன. கூர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் தாய்க்கயிறு நேராக இல்லாமல் சிறிய கோணலாக வளைந்திருப்பது தெரியும். அந்த வளைவும் சுற்றுகளின் அழுத்தமும் உராய்வை உண்டாக்குகின்றன. இழுவை கூடக் கூடப் பிடியும் கூடும். இழுவையைக் குறைத்து, முடிச்சை அப்படியே உள்ளங்கையில் வைத்துத் தள்ளினால் வளைவு நிமிர்ந்து முடிச்சு வழுகும். இன்னொரு விஷயம்: முளையைச் சுற்றிய வளையத்தின் இரு கால்களும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், முடிச்சு தாங்க வேண்டியது மொத்த இழுவையில் ஏறத்தாழ பாதிதான். மெல்லிய கயிற்றில் போட்ட எளிய முடிச்சு பெருங்காற்றைத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் தம்பி முடிச்சு ஒன்று உண்டு. மிட்ஷிப்மேன் ஹிட்ச் என்பார்கள். எல்லாம் அதேதான், இரண்டாவது உள்சுற்று மட்டும் முதல் சுற்றின் மேலேறி அதை அழுத்திக்கொண்டு உட்காரும். பிடி அதிகம்; நகர்த்துவது சற்றுக் கடினம். இரவு முழுவதும் காற்று அடிக்கும் என்று தெரிந்தால் காற்று வரும் பக்கத்துக் கயிறுகளுக்கு இது நல்லது. மூன்றாவதாக ஃபாரிமண்ட் முடிச்சு. இதில் வாலை முழுவதும் உருவாமல் வளையமாக மடித்தே நுழைப்பதால், நுனியைப் பிடித்து இழுத்ததும் முழு முடிச்சும் அவிழ்ந்துவிடும். கையுறையோடு வேலை செய்பவர்களுக்கும், விடியற்காலையில் உறைந்த கயிறுகளை அவிழ்க்க வேண்டியவர்களுக்கும் இது பெரிய உதவி.

கயிற்றை இறுக்க இன்னொரு கட்டும் உண்டு. லாரியில் சரக்கின் மேல் தார்ப்பாய் போட்டு, கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, அதன் வழியே இழுத்து இறுக்குவதை நெடுஞ்சாலைகளில் தினமும் பார்க்கலாம். கப்பியைப்போல் வேலை செய்யும் அந்தக் கட்டு, கணக்குப்படி இழுக்கும் விசையை மூன்று மடங்காக்கும். உராய்வில் கொஞ்சம் போனாலும் மிஞ்சுவது அதிகம். இரண்டு மரங்களுக்கு நடுவே தார்ப்பாய்க்கு முதுகுக்கயிறு கட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. கூடாரத்தின் இழுகயிற்றுக்கு அது வேண்டாம். அவ்வளவு விசையில் துணியின் காதுகள் கிழியும், முளை பெயரும். இரவில் சட்டென்று கொஞ்சம் மட்டும் தளர்த்தவும் முடியாது.

நகரும் முடிச்சுகளுக்கும் எல்லை உண்டு. டைனீமா போன்ற வழுவழுப்பான கயிற்றிலும், விறைப்பான புதுக் கயிற்றிலும் டாட்லைன் மெல்ல மெல்ல நழுவும். அப்போது உள்சுற்றை மூன்றாகவோ நான்காகவோ கூட்ட வேண்டும், அல்லது மிட்ஷிப்மேனுக்கு மாற வேண்டும். வெளியுறையில் பாலியெஸ்டர் பின்னல் உள்ள கயிற்றை வாங்கிக்கொள்வது அதைவிட எளிது. கயிற்றோடு வரும் பிளாஸ்டிக் இறுக்கிகளை நம்பியே பலர் கிளம்புகிறார்கள். நல்ல வானிலையில் அவை வசதியானவைதான். குளிரில் பிளாஸ்டிக் உடையும். ஈரக் கயிறு அதன் பற்களில் நழுவும். ஒன்று தொலைந்தால் மலையில் கடை இல்லை. முடிச்சு தெரிந்தவருக்கு எந்தக் கயிறும் போதும்.

முடிச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் முளை பெயர்ந்தால் பயனில்லை. இழுகயிறு தரையோடு எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 60 பாகையில் நிற்கும் கயிறு, தன் இழுவையில் ஏறத்தாழ 87 சதவீதத்தை முளையை மேலே பிடுங்கவே செலவிடும். 30 பாகையில் அது 50 சதவீதமாகக் குறையும். கயிற்றை நீளமாக விட்டு, முளையைத் தூரத்தில் அடித்தால் இந்த ஆதாயம் தானாகக் கிடைக்கும். முளையின் தலை கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பாறை நிலத்தில் முளை இறங்காது. அங்கே கயிற்றை ஒரு குச்சியிலோ சின்னக் கல்லிலோ சுற்றி, அதன் முன்னால் பெருங்கல்லை வைத்து அணைகொடுக்கலாம். மணலிலும் பனியிலும் ஒரு பையை நிரப்பியோ கட்டையைக் கிடையாக வைத்தோ புதைத்து, அதில் கட்டலாம். அங்கே ஒரு கவனம் தேவை. நகரும் முடிச்சு பனிக்கு மேலே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே புதைந்து உறைந்துபோன முடிச்சை யாராலும் நகர்த்த முடியாது.

காற்று ஒரு கூடாரத்தைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அண்டார்க்டிகாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1911 ஜூலை. துருவக் குளிர்கால இருளின் நடுப்பகுதி. தென்துருவப் பயணத்துக்கு வந்திருந்த ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் எம்பரர் பென்குவின் முட்டைகளுக்காகக் குரோசியர் முனைக்குப் போனார்கள். கற்களால் சுவர் எழுப்பி, மேலே கித்தான் போட்டு ஒரு குடிசை கட்டினார்கள். பக்கத்தில் அவர்களுடைய கூடாரமும் நின்றது. சூறாவளி முதலில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனது, பிறகு குடிசையின் கூரையையும் கிழித்தது. கூடாரம் இல்லாமல் திரும்பி நடப்பது சாவுக்குச் சமம் என்று மூவருக்கும் தெரியும். காற்று தணிந்தபின் மலைச்சரிவின் அடியில் அந்தக் கூடாரம் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்ததால்தான் மூவரும் பிழைத்தார்கள். அதன்பிறகு பவர்ஸ் கூடாரத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிற்றைக் கொண்டுவந்து தன்னோடு கட்டிக்கொண்டு படுத்தார். கூடாரம் போனால் தானும் அதோடு போவது என்பது அவர் முடிவு.

பவர்ஸின் அந்த உறுதியை மதிக்கும் அதே நேரத்தில், எந்தக் கயிற்றாலும் நிறுத்த முடியாத காற்றும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் ஜசோல் கிராமத்தில் இராமகதை கேட்கக் கூடியிருந்தவர்கள் மேல், புயல்மழையில் பெரும் பந்தல் சரிந்து 14 பேர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய பந்தலுக்கு நகரும் முடிச்சு விடை ஆகாது. அதற்குப் பொறியாளரின் கணக்கும், காற்று எழும்போதே ஆட்களை வெளியேற்றும் ஏற்பாடும் வேண்டும். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கியம் கடலோரத்தில் நடந்த உலகச் சாரணர் பெருந்திரளணியில் 40,000க்கும் மேற்பட்டவர்கள் கூடாரங்களில் தங்கியிருந்தார்கள். கனூன் சூறாவளி வருகிறது என்றதும் முகாமையே காலி செய்து, அப்போது அங்கிருந்த அனைவரையும் பேருந்துகளில் ஏற்றிக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். முடிச்சுகளை நன்கு அறிந்த இயக்கம்தான் அது. அந்தச் சூழ்நிலையில் சரியான முடிவு கூடாரத்தை விட்டுக் கிளம்புவதே.

அமைதியான இரவுக்கும் இப்படிப்பட்ட புயலுக்கும் இடைப்பட்ட இரவுகள்தான் மலையேறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பவை: விட்டு விட்டு அடிக்கும் காற்று, நச நசவென்று மழை, மறுநாள் காலையில் தொடர வேண்டிய பயணம். அந்த இரவுகளில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். காற்று வரும் பக்கத்துக் கயிறுகளை முதலில் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்துக் கயிறுகளையும் அதே அளவு விறைப்பில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முடிச்சையும் கட்டி முடித்ததும் உடலைச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். நழுவினால் சுற்றைக் கூட்டுங்கள். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, பனியோ மழையோ துணியில் ஏறியபின், ஒருமுறை சுற்றி வந்து எல்லா முடிச்சுகளையும் சரிசெய்யுங்கள். துணி படபடவென்று அடிக்கத் தொடங்கினால் காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். படபடக்கும் துணியில் தையல் வேகமாகத் தேய்கிறது.

சாரண ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த முடிச்சைத் தேர்வுக்காக மேசைமேல் ஒருமுறை கட்டிக் காட்டச் சொல்லி மதிப்பெண் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கயிற்றை வாளித் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். கம்பளிக் கையுறையோடு கட்டச் சொல்லுங்கள். கை தானாகப் போட்டுப் பழகிய முடிச்சுதான் குளிரிலும் இருட்டிலும் தப்பாமல் வரும்.

இளைஞர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு மீட்டர் கயிற்றை எடுத்து, ஜன்னல் கம்பியை முளையாக வைத்துக் கட்டிப் பார்க்கலாம். அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டும்போது, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பத்து மீட்டர் உதிரிக் கயிறும் இரண்டு உபரி முளைகளும் மறக்காமல் எடுத்துவையுங்கள். எல்லாம் சேர்ந்தாலும் கால் கிலோ எடைக்கு மேல் வராது.